உயிரியின் கடிகாரமும் ஆய்வாளரின் நாட்காட்டியும்

முனைவர் பட்ட ஆய்வில் சேரப்போகும் உயிரியல் மாணவருக்கு வீட்டிலும் துறையிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "முதலில் பட்டத்தை முடி, மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான் அது. மூன்று மாதம் படித்து எழுதும் தேர்வுக்கு அது பொருந்தவும் செய்யும். ஐந்தாறு ஆண்டுகள் நீளும் ஆய்வுக்கு அது பொருந்தாது. உயிரியல் ஆய்வு எவ்வளவு வேகமாக நகரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நீங்கள் ஆராயும் உயிரி தன் வாழ்க்கையை நடத்தும் வேகம். மற்றொன்று, சோதனையை வகுக்கும்போதும் முடிவைப் படிக்கும்போதும் உங்கள் மனம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. லேபில் இருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முதலாவது மாறாது, இரண்டாவது கெடும். ஆகவே லேபுக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையை, பட்டம் கைக்கு வந்த பிறகு அனுபவிக்க வேண்டிய பரிசாகத் தள்ளிவைக்கக் கூடாது. ஆய்வு ஒழுங்காக நடக்கத் தேவையான ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. எந்த உயிரி, எந்தக் கேள்வி, எந்த நெறியாளர் என்று முடிவெடுக்கும் நாட்களிலேயே அதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

எவ்வளவு தூரப் பயணம்

முதலில் பாதையின் நீளத்தைப் பார்த்துவிடலாம். எம்.எஸ்சி. முடிக்கும் மாணவருக்கு முன்னால் பல வாசல்கள் உள்ளன: சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், உயிரித்தொழில்நுட்பத் துறையின் பெட், ஐ.சி.எம்.ஆரின் ஜே.ஆர்.எஃப். தேர்வு, கேட், பெங்களூர் என்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்களுக்கான ஜே.ஜி.இ.இ.பில்ஸ். நெட் உயிர் அறிவியல் தாளுக்கு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். அதில் 100 மதிப்பெண் சி பகுதிக்கு. அங்கே 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும். தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். அதனால் எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்தவரைவிட, சில பிரிவுகளை ஆழமாகப் படித்து எதை விடுவது என்று அறிந்தவருக்கே இந்தத் தாள் இடம்கொடுக்கும். உதவித்தொகை கிடைக்காமல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்களுக்கு, நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் தரும் முறையை யு.ஜி.சி. 2024-இல் கொண்டுவந்தது. சேர்ந்த பின் உள்ள கால அளவை 2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள் வரையறுக்கின்றன: குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து, மதிப்பீட்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக (எஸ்.ஆர்.எஃப்.) உயர்ந்தால் 42,000. இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குத்தான். அதாவது விதி ஆறு ஆண்டு தருகிறது, பணம் ஐந்தோடு நிற்கிறது. இருபத்து மூன்றில் சேர்பவர் முப்பதை நெருங்கும்போதுதான் வெளியே வருவார். அவ்வளவு காலத்துக்கு வாழ்க்கையை ஒத்திவைக்க யாராலும் முடியாது. திட்டமில்லாமல் விட்டால், வாழ்க்கை தன் பாட்டுக்கு நோயாகவோ குடும்பச் சிக்கலாகவோ குறுக்கே வந்து நிற்கும்.

உயிரி உங்களுக்காகக் காத்திருக்காது, அவசரப்படவும் செய்யாது

உயிரியல் ஆய்வு மற்ற அறிவியல்களிலிருந்து வேறுபடும் இடம் இது. ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டக் கரைசலில், 37 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஈஸ்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம். வளர்ப்புக் குடுவையில் இருக்கும் ஹீலா செல்களுக்கு ஏறத்தாழ ஒரு நாள். பழ ஈ முட்டையிலிருந்து முழு ஈ ஆக 25 டிகிரியில் பத்து நாள். அரபிடாப்சிஸ் செடி விதையிலிருந்து விதைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம். எலி கருவுற்றுக் குட்டி போட மூன்று வாரம், அந்தக் குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக இன்னும் ஆறு முதல் எட்டு வாரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் மூணாறு மலைகளில் பூத்தது. அதன் பூப்பை ஆராய நினைப்பவரின் ஆய்வுக் காலத்துக்குள் ஒரு பூப்புகூட வராமல் போகலாம். ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் 'எது சுவையான கேள்வி' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 'இந்த உயிரியின் ஒரு தலைமுறைக்கு எவ்வளவு நாள், என் கேள்விக்கு எத்தனை தலைமுறை தேவை' என்றும் கேட்டாக வேண்டும். எலியில் ஒரு மரபணு மாற்றத்தைத் தூய மரபுவழிக்குக் கொண்டுவரப் பத்துத் தலைமுறை பின்கலப்பு செய்வது வழக்கமான முறை. அதற்கு மட்டுமே இரண்டு ஆண்டுக்கு மேல் போய்விடும். இரவெல்லாம் விழித்திருந்தாலும் எலியின் கர்ப்பகாலம் ஒரு நாள்கூடக் குறையாது.

ஆனால் இந்தக் கடிகாரத்தோடு பேரம் பேச முடியும். தேர்ந்த ஆய்வாளரின் கைத்திறனில் பாதி இந்தப் பேரம்தான். பழ ஈ லேபில் கலப்பு செய்ய, இணை சேராத பெண் ஈக்கள் வேண்டும். 25 டிகிரியில், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈ சுமார் எட்டு மணி நேரம் வரை இணை சேராது. அதனால் புதிதாக வந்தவர் காலை, மாலை, இரவு என்று மூன்று முறை குப்பிகளைத் தட்டிக்கொண்டிருப்பார். அனுபவமுள்ள சீனியர் மாலையில் குப்பிகளைக் காலிசெய்துவிட்டு 18 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். குளிரில் வளர்ச்சி மெதுவாவதால் அந்த எட்டு மணி நேரம் இரட்டிப்பாக நீளும். மறுநாள் காலை வந்து அவர் நிதானமாகப் பிரித்தெடுப்பார். செல் வளர்ப்பிலும் இதே கணக்குதான். வெள்ளிக்கிழமை எத்தனை செல்களை விதைத்தால் திங்கட்கிழமை குடுவை நிறையும் என்று கணித்து விதைப்பவருக்கு ஞாயிறு மிஞ்சும். வெஸ்டர்ன் பிளாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல் ஓட ஒன்றரை மணி, படலத்துக்கு மாற்ற ஒரு மணி, பிளாக்கிங் ஒரு மணி, பிறகு முதல் ஆன்டிபாடியில் இரவு முழுக்க 4 டிகிரி குளிர் அறையில் ஊற வேண்டும். மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறு மணிக்குள் ஆன்டிபாடியில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். மாலை நான்கு மணிக்குத் தொடங்குபவர் இரவு ஒன்பது மணிக்கும் லேபில்தான் இருப்பார். சோதனை ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான்; தொடங்கிய நேரம் மட்டும் வேறு. ஆகவே ஒவ்வொரு சோதனைமுறையிலும் 'எங்கே நிறுத்தி வைக்கலாம்' என்ற இடங்களைக் குறித்து, வார அட்டவணையை அந்த இடங்களைச் சுற்றி அமைப்பது முதல் ஆண்டிலேயே பழக வேண்டிய வேலை.

நேரம் கூடினால் வேலை கூடுமா

'எல்லாம் சரி, ஆனாலும் அதிக நேரம் உழைப்பவர்தானே அதிகம் சாதிப்பார்' என்று கேட்கலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் திரட்டப்பட்ட பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவல் 2014-இல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் கூடும் வேகம் தளர்ந்தது. 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஞாயிறு ஓய்வு இல்லாத வாரங்களில் உற்பத்தி அடிபட்டது. குண்டு செய்வதும் மரபணுவை ஆராய்வதும் ஒன்றா என்ற கேள்வி நியாயமானது. ஒன்றில்லைதான். ஆனால் அந்த வேறுபாடு என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. களைப்பு முதலில் தாக்குவது கவனத்தையும் தீர்ப்பையும்தான். ஆய்வாளரின் முதலீடு அவை இரண்டும். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்கோ அதைவிடக் கீழாகவோ இறங்கியதை வில்லியம்சன், ஃபெயர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலை ஏழு மணிக்கு எழுந்தவருக்கு நள்ளிரவில் அந்த நிலை வந்துவிடும்.

அந்த நிலையில் 96 குழித் தட்டின் முன் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். குழிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஊற்றும் திரவம் நிறமற்றது, ஒரு குழிக்கு இரண்டு மைக்ரோலிட்டர். ஆறாவது வரிசையா ஏழாவதா என்ற ஐயம் ஒரு கணம் வந்து போகும். மறுநாள் வரும் எண்கள் தாறுமாறாக இருந்தால் இரண்டு நாளும் வேதிப்பொருளின் விலையும்தான் போச்சு. தாறுமாறாக இல்லாமல், எதிர்பார்த்ததற்குச் சற்றே மாறாக இருந்துவிட்டால்தான் ஆபத்து. அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று நம்பி, அதன்மேல் அடுத்த சோதனைகளை அடுக்கி, அரை ஆண்டு கழித்து அடித்தளம் பிழை என்று தெரியவரும். நள்ளிரவில் மிச்சம் பிடித்த மூன்று மணி நேரம் ஆறு மாதத்தைத் தின்றுவிடும் விதம் இதுதான். இரவு வேலை எப்போதுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிரியின் நாளொழுங்கை ஆராய்பவரும், இரவில் இரைதேடும் விலங்கைக் களத்தில் பின்தொடர்பவரும் இரவில் விழிக்கத்தான் வேண்டும். அது சோதனை கேட்கும் இரவு. அதற்கு ஈடாகப் பகலில் உறங்குவதும் திட்டத்தில் இருக்கும். பகலில் திட்டமிடாததால் வரும் இரவு வேறு.

மனநலம்: புள்ளிவிவரங்கள் சொல்வதும் சொல்லாததும்

2018-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 ஆய்வு மாணவர்களிடம் கேட்டதில், 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றத்தையும், 39 விழுக்காட்டினரிடம் அதே அளவு மனச்சோர்வையும் கண்டது. இத்தகைய கணக்கெடுப்பில் துன்பப்படுபவர்களே அதிகம் பதில் தருவார்கள், அதனால் எண்கள் ஊதிப் பெரிதாகத் தெரியும் என்ற மறுப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு. அதனால்தான் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 ஆய்வு மாணவர்களை, அவர்களைப் போலவே உயர்கல்வி பெற்ற மற்றவர்களோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு கூடுதல் கவனத்துக்குரியது. அதன்படி, மூன்றில் ஒருவர் மனநலக் கோளாறுக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தார். ஒப்பிடப்பட்ட மற்ற குழுக்களில் இந்த விகிதம் குறைவு. பெல்ஜியத்தின் எண்ணை அப்படியே மதுரைக்கோ பெங்களூருக்கோ பொருத்த முடியாது. ஆனால் எதெல்லாம் மனநலத்தோடு தொடர்புடையது என்று அந்த ஆய்வு கண்டதோ அது இங்கும் நமக்கு வழிகாட்டும்: வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறி, தன் வேலையின் மீது தனக்கு இருக்கும் கட்டுப்பாடு, நெறியாளர் வழிநடத்தும் விதம். இவை ஒருவரின் மன உறுதியைப் பற்றியவை அல்ல, அவர் வேலைசெய்யும் ஏற்பாட்டைப் பற்றியவை. ஏற்பாட்டைச் சேரும் முன்பே விசாரித்து அறியலாம்.

அந்த விசாரணையைச் செய்யும் வழி இது. நெறியாளரின் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பதோடு நிற்காமல், அவரிடம் கடந்த பத்தாண்டில் பட்டம் பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்: எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், இடையில் விலகியவர்கள் எத்தனை பேர். அவர்களில் இருவரிடமாவது, தற்போதைய மாணவர் ஒருவரிடமாவது, தனியாகப் பேசுங்கள். 'சார் நல்லவரா' என்று கேட்டால் 'நல்லவர்தான்' என்றே பதில் வரும். 'கடைசியாக நீங்கள் ஊருக்கு எப்போது போனீர்கள், லீவு எப்படிக் கேட்டீர்கள்', 'சோதனை தோற்றபோது மேடம் என்ன சொன்னார்', 'கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று எப்போது முடிவானது', 'ஃபெல்லோஷிப் தாமதமான மாதங்களில் என்ன செய்தீர்கள்' என்று நிகழ்வுகளைக் கேளுங்கள். பதிலோடு பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள். விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். அந்த எண்ணிக்கை நிரம்பியிருந்தால் வாரத்துக்கு எத்தனை நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு போட்டியைப் பற்றியது. நீங்கள் ஞாயிறு ஓய்வெடுக்கும்போது வேறு நாட்டில் ஒருவர் அதே முடிவை வெளியிட்டுவிட்டால்? இந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் அதன் கூர்மை குறைந்துவருகிறது. 'பிளாஸ் பயாலஜி' இதழ், ஒத்த முடிவு வேறிடத்தில் வெளியான ஆறு மாதத்துக்குள் வரும் கட்டுரையை, முந்திக்கொண்டார்கள் என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்புவதில்லை என்று 2018-இல் அறிவித்தது. முன்பதிப்புத் தளமான பயோஆர்க்கைவில் இட்டால், தேதியிட்ட உரிமையும் உங்களுக்கு உண்டு. மேலும், பெரிய லேபோடு மணிநேரக் கணக்கில் போட்டியிட்டு ஒரு தனி மாணவர் வெல்ல முடியாது. உள்ளூர் உயிரினம், உள்ளூர் நோய், உள்ளூர்ப் பயிர் என்று உங்களால் மட்டுமே எளிதில் எட்டக்கூடிய கேள்வியைத் தேர்ந்தெடுப்பதுதான் நிலையான பாதுகாப்பு.

இரண்டாவது மறுப்பு, பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் இரவுபகல் பாராமல் உழைத்தவர்கள் என்பது. ஒரு கேள்வி மனத்தைப் பற்றிக்கொண்டால் அது நாள் முழுக்கக் கூடவே வரும். அந்த ஈடுபாடு இல்லாமல் ஆய்வு இல்லை. ஆனால் ஈடுபாடும் லேபில் இருக்கும் நேரமும் ஒன்றல்ல. இந்தியாவில் மூலக்கூறு உயிரியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஒபைத் சித்திக்கி சரோத் வாசித்தவர். அந்த இசை அவரை விஞ்ஞானியாக்கியது என்று நான் வாதாடவில்லை. அது அவரைத் தடுக்கவில்லை என்பதே போதும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின், உயிரியல் கற்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 2009-இல் நோபல் பரிசு பெற்றது ரைபோசோம் ஆய்வுக்காக. வேகமாக ஓடுவதைவிட நின்று திசையைப் பார்ப்பது பலன் தரும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று. நின்று பார்க்க ஓய்ந்த மனம் வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. 'இதெல்லாம் பெரிய நிறுவனங்களில் நடக்கும். எங்கள் ஊர்க் கல்லூரியில் கைடு சொன்னால் சொன்னதுதான். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி, பணமும் அனுப்ப வேண்டும்.' இந்த நிலையில் இருப்பவரிடம் 'எல்லை வகுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டு நகர்வது பொறுப்பில்லாத பேச்சு. அவருக்கு உதவுபவை மூன்று. ஒன்று, எழுத்து. வாரத் தொடக்கத்தில் செய்யப்போவதையும் வார இறுதியில் முடித்ததையும் ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால், உங்கள் உழைப்பை முடித்த வேலையை வைத்து அளக்க அவருக்கு வழி கிடைக்கும். அது இல்லாத இடத்தில், லேபில் கண்ணில் பட்ட நேரம் மட்டுமே அளவுகோலாகிறது. இரண்டு, ஆய்வு ஆலோசனைக் குழு. ஒவ்வொரு பருவத்திலும் அந்தக் குழுவின் முன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும் என்பது விதி. அதைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். தாமதத்தின் காரணத்தை, குற்றம் சாட்டாமல், அறிக்கையில் பதிவுசெய்யுங்கள். சிக்கல் முற்றும் நாளில் அந்தப் பதிவே உங்களுக்காகப் பேசும். மூன்று, கையிருப்பு. உதவித்தொகை சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும். நிலுவை வரும் மாதத்தில் மூன்று மாத விடுதிச் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஊருக்கு அனுப்புவது தன்னலம் ஆகாது. கடன் வாங்கும் நிலை வராமல் இருப்பது வீட்டுக்கும் நல்லது.

பெண் ஆய்வாளர்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரி சேர்கிறது. ஆண்களிடம் 'எப்போது முடிப்பாய்' என்று கேட்கும் உறவினர்கள், பெண்களிடம் 'எப்போது கல்யாணம்' என்றும் சேர்த்தே கேட்கிறார்கள். விதிகள் தருவதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: ஆய்வுக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு, அதிகபட்சக் காலத்துக்கு மேல் கூடுதலாக இரண்டு ஆண்டுத் தளர்வு. இது சலுகையன்று, உரிமை. கேட்கும்போது தயங்க வேண்டியதில்லை. அதோடு மேலே சொன்ன உயிரியின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். உறைநிலையில் சேமிக்கக்கூடிய செல்களும் விதைகளும் எட்டு மாதம் காத்திருக்கும். எலிக் கூட்டத்தையும் ஈக் குப்பிகளையும் பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதை விடுப்பு தொடங்கும் முன்பே நெறியாளரோடு பேசி முடிவுசெய்யலாம்.

குகையிலிருந்து ஒரு பாடம்

இந்த வாதத்துக்கு உயிரியலே ஒரு சான்று தருகிறது, அதுவும் நம் மண்ணிலிருந்து. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் காலஉயிரியல் ஆய்வைத் தொடங்கி வளர்த்தவர் எம்.கே. சந்திரசேகரன். அவரும் அவருடைய மாணவர்களும் மதுரையை அடுத்த குகை ஒன்றில் வாழும் பூச்சியுண்ணும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். பகலும் இரவும் தெரியாத குகையிருட்டில், கூண்டுக்குள் அடைத்த ஒரு வௌவாலை, சுதந்திரமாக வந்துபோகும் மற்ற வௌவால்களுக்கு நடுவே வைத்தார்கள். மாலையில் மற்றவை வெளியே பறந்து விடியலில் திரும்பும் ஒழுங்கோடு, அடைபட்ட வௌவாலின் நாளொழுங்கும் பொருந்தி ஓடியது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது, அதன் உள்கடிகாரம் வெளியுலகின் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனது. 1970-களின் இறுதியில் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது.

ஜன்னல் இல்லாத செல் வளர்ப்பு அறையில் நாட்களைக் கழிக்கும் ஆய்வாளர் வௌவால் அல்லர். எனினும் அந்தச் சோதனை எழுப்பும் கேள்வி அவருக்கும் உரியது: வெளியே போய்வரும் யாரோடு என் நாள் இணைந்திருக்கிறது? ஆகவே ஆய்வில் சேர்ந்த முதல் வாரத்தில், சோதனை அட்டவணையை வரையும் அதே தாளில், மாறாத இரண்டு நேரங்களைக் குறித்துவையுங்கள். ஒன்று, லேபோடு தொடர்பில்லாத மனிதர்களோடு கழிக்கும் ஒரு மாலை: கைப்பந்து மைதானமோ, பாட்டு வகுப்போ, நூலக வாசகர் வட்டமோ எதுவானாலும் சரி. இன்னொன்று, வீட்டுக்குப் பேசும் நேரம். பிறகு அந்த நேரங்களைச் சுற்றி ஆன்டிபாடியையும் இன்குபேட்டரையும் அமைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்திவைக்கலாம், எதைக் குளிரில் வைக்கலாம், எதை உறையவிடலாம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.